உப்பின் நிறம்

அத்தியாயம் 19

ஜெபின் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். ஞாயிறு காலை கோயிலின் முதல் மணி அடித்தபோதுதான் திறந்தான். நடுவில் சாப்பிட இறங்கி வந்ததெல்லாம் கணக்கில் சேராது. வந்தவன் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட்டான், கேட்டதற்கெல்லாம் ‘ம்’ போட்டான், மறுபடியும் ஏறிப் போய்விட்டான்.

எல்லாம் தங்கை ஜெப்ஸி போன வாரம் அதே அறை வாசலில் நின்று சொன்ன ஒரு வார்த்தையால் வந்த வினை.

“நான் மஸ்கட் போயிட்டா ஒனக்கு யாருண்ணே கலர் சொல்லுவா? பெவின்கிட்ட நானே பேசுதேன். கல்யாணத்த ஒரு வருஷம் தள்ளிப் போட்டா ஒண்ணும் குடிமுழுகிப் போவாது.”

இந்தக் கதையை இன்றைக்குத்தான் புதிதாகக் கையில் எடுத்திருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். தூத்துக்குடியில் கல்யாண வீடியோ எடுக்கிற ஜெபினுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பிறவியிலேயே அப்படி. சிக்னலில் மேல் விளக்கு எரிகிறதா, கீழ் விளக்கு எரிகிறதா என்று பார்த்துத்தான் வண்டியை எடுப்பான். இது ஜெப்ஸி ஒருத்திக்குத்தான் தெரியும். பெற்ற அம்மா கிருபைக்குக்கூடத் தெரியாது.

இப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு போயும் போயும் இந்தத் தொழிலுக்கா வரவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஆசை யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது! வந்த புதிதில் சாத்தான்குளத்தில் ஒரு கல்யாணம். ட்யூப்லைட் வெளிச்சம் படத்தில் பச்சை பூசியது அவனுக்குத் தெரியவே இல்லை. பெண்ணின் அப்பா பெரிய டிவியில் போட்டுப் பார்த்துவிட்டு, “ஏலே, எம் மவள பாசிக் கொளத்துல முக்கி எடுத்தியா?” என்று நாலு பேர் முன்னால் கேட்டார். சாதாரண வீடியோவில் கேமராவே நிறத்தை முடிவு செய்து மூட்டை கட்டிவிடும். பிறகு அவிழ்த்துத் திருத்தினாலும் ஓரளவுக்குத்தான் திருந்தும்.

அப்புறம்தான் அவனுக்கு ரா வீடியோ கிடைத்தது. பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள், கம்பெனி கொடுக்காத ஒரு மென்பொருளைக் கார்டு வழியாக ஏற்றினால் போதும். லென்ஸில் நுழைந்த வெளிச்சத்தை எந்தக் கைவேலையும் செய்யாமல் அப்படியே கார்டில் கொட்டும். ஒரு நிமிஷத்துக்கு ஐந்து ஜிபி தின்னும். கேமரா கையைச் சுடும். சத்தத்தைத் தனியாகப் பதிய வேண்டும். கம்ப்யூட்டரில் திறந்தால் ஒவ்வொரு விநாடியும் இருபத்தைந்து படங்களாக விரிந்து, கஞ்சித் தண்ணீர் மாதிரி வெளிறிக் கிடக்கும். “ஒனக்கு வேற சோலி இல்லையால?” என்று மற்ற வீடியோக்காரர்கள் சிரிப்பார்கள்.

ஜெபினுக்குத்தான் அதன் அருமை தெரியும். எடுக்கிற இடத்தில் எந்த நிறத்தையும் முடிவு செய்ய வேண்டாம். வீட்டுக்கு வந்து, இடது பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு ஜெப்ஸியை உட்காரவைத்து, ஆற அமரச் செய்துகொள்ளலாம். “இன்னும் கொஞ்சம் சிவப்பு வைண்ணே. போதும், போதும். ஐயோ, கூடிப் போயிட்டு!” என்று அவள் சொல்லச் சொல்ல ஏழு வருஷம் ஓடிவிட்டது.

இந்த இரண்டு நாளாக அந்த ஸ்டூல் காலி. முள்ளக்காட்டு உப்பளத்தில் ஜெப்ஸியையும் அவளுக்கு நிச்சயித்திருக்கிற பெவினையும் வைத்து எடுத்த வீடியோவை ஜெபின் தனியாகவே நிறம் கூட்டி முடித்திருந்தான். மத்தியானம் பெவின் சாப்பிட வருகிறான். அவன் முன்னால் போட்டுக் காட்டி, ‘பாத்தியாளா, நான் சமாளிச்சுக்கிடுவேன், நீ கெளம்பு’ என்று சொல்லிவிட வேண்டும். தங்கையின் கல்யாணம் தன் கண்ணால் நின்றுபோனது என்று காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்க அவனால் முடியாது.

*

கோயிலில் அன்றைக்கு ஜெப்ஸிக்கு மூன்றாம் ஓலை. கல்யாண அறிவிப்பை அடுத்தடுத்து மூன்று ஞாயிறு சபையில் வாசித்துத் தடை கேட்டால்தான் தாலி கட்ட முடியும். போதகர் கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டு, சாத்தான்குளம் சபையைச் சேர்ந்த பெவின் என்பவருக்கும் இந்தச் சபையைச் சேர்ந்த ஜெப்ஸி என்பவருக்கும் என்று தொடங்கினார்.

“இவர்கள் திருமணத்தில் இணைவதற்குத் தடை ஏதேனும் இருப்பதாக உங்களில் யாராவது அறிந்திருந்தால் தெரிவிக்க வேண்டும். இது மூன்றாம் முறை.”

யாரும் எழுந்திருக்கவில்லை. மின்விசிறிகள் மட்டும் முனகின. தடை இங்கேதான் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருக்கிறது என்று ஜெபின் நினைத்துக்கொண்டான். அந்தச் சட்டையைக்கூட, என்ன நிறம் என்று ஜெப்ஸியிடம் கேட்டுத்தான் போட்டிருந்தான்.

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது ஜெப்ஸி பக்கத்தில் வந்து குனிந்தாள்.

“சாப்பாடு முடிஞ்சதும் பெவின்கிட்ட சொல்லப் போறேன்.”

“அதுக்கு முந்தி எனக்குப் பத்து நிமிஷம் குடு.”

“எதுக்கு?”

“குடுளா. பொறவு ஒன் இஷ்டம்.”

*

பெவின் முதலூர் மஸ்கோத் அல்வாவோடு வந்தான். மஸ்கட்டில் இன்ஜினியர். எதையும் ஒரு முறை மென்று விழுங்கிவிட்டுத்தான் பதில் சொல்கிற ஆள். கிருபைக்கு அவனிடம் பிடித்ததே அதுதான்.

கிருபை பெண்கள் பள்ளியில் முப்பது வருஷம் தையல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆட்டுக்கறியும் ரசமுமாகப் பரிமாறிக்கொண்டே கல்யாண அழைப்பிதழின் மாதிரியை எடுத்துக் காட்டினாள். நாளைக்கு அச்சகத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எல்லாப் பெயரும் இருந்தது, தாய்மாமன் இடம் மட்டும் காலியாக இருந்தது.

கிருபையின் ஒரே அண்ணன் வெள்ளத்துரை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் கப்பல் வேலைக்கென்று பம்பாய் போய், பத்தே நாளில் திரும்பி வந்தவர். காரணம் கேட்ட அப்பாவிடம் வாயைத் திறக்கவில்லை. ஓடிவந்த பய என்று அப்பா கை ஓங்க, அன்றைக்கே வீட்டைவிட்டு இறங்கிவிட்டார். ஓட்டப்பிடாரம் பக்கம் இருக்கிறார் என்று கேள்வி. அவ்வளவுதான்.

“அந்த வரிய எடுத்துரச் சொல்லணும். வீம்பு புடிச்சவன் பேரு எதுக்கு?” என்றாள் கிருபை. பெவின் எழுந்து கையைக் கழுவப் போனான்.

ஜெபின் டிவியில் வீடியோவைப் போட்டான்.

அவன் எப்படிச் செய்தான் என்று இங்கே சொல்லிவிடுகிறேன். மென்பொருளில் ஒரு வசதி உண்டு. படத்தில் இதுதான் வெள்ளை என்று ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினால், மற்ற நிறங்களெல்லாம் அதற்கேற்ப ஒழுங்காக வந்து நின்றுவிடும். தூத்துக்குடியில் வெள்ளைக்கா பஞ்சம்! ஒவ்வொரு காட்சியிலும் உப்புக் குவியலைத் தொட்டான். கூடவே ஒரு வரைபடமும் ஓடும். மனுஷ முகம் எந்த நிறத்ததாக இருந்தாலும் அதில் ஒரு கோட்டை ஒட்டித்தான் நிற்கும். நின்றது.

கடைசிக் காட்சியில் மட்டும் குவியல் இல்லை, பாத்தியில் விளைகிற உப்புதான் இருந்தது. அதைத் தொட்டான். முகங்கள் கோட்டைவிட்டு விலகின. வரைபடம் தப்பாகக் காட்டினாலும் காட்டும், உப்பு காட்டாது என்று அப்படியே விட்டுவிட்டான்.

டிவியில் ஜெப்ஸியும் பெவினும் குவியல்களுக்கு நடுவே நடந்து வந்தார்கள். கிருபை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெவின் தன்னையே பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தான். ஜெப்ஸி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஆச்சரியம் இருந்தது. ஜெபினுக்கு நெஞ்சு நிறைந்தது.

கடைசிக் காட்சி. ஜெப்ஸிக்கு வரப்பில் கால் வழுக்குகிறது. பெவின் பிடிக்கிறான். இரண்டு பேரும் அடக்க மாட்டாமல் சிரிக்கிறார்கள். மொத்த வீடியோவிலும் ஜெபினுக்குப் பிடித்த இடம் இதுதான். அதனால் டிவியை விட்டுவிட்டு, பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முகங்களைப் பார்த்தான்.

யாரும் சிரிக்கவில்லை.

“ஏளா, என்ன இது? ரெண்டு பேரு மூஞ்சியும் பாவக்கா சாறு குடிச்சாப்புல பச்சையா இருக்கு?” என்றாள் கிருபை.

“டிவி கோளாறும்மா. பழைய டிவில்லா” என்று ஜெப்ஸி சட்டென்று ரிமோட்டை எடுத்து அணைத்தாள்.

ஏழு வருஷமாக இதே பதில்தான். டிவி கோளாறு, கரண்ட் கோளாறு, பென்டிரைவ் கோளாறு. இவள் இந்த வீட்டில் இருக்கிறவரைக்கும் டிவிக்குக் கோளாறு வந்துகொண்டேதான் இருக்கும் என்று ஜெபினுக்குத் தோன்றியது. அவளை இப்படியே பொய் சொல்லவைத்துக் காலத்தை ஓட்டிவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

“டிவி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கண்ணு கோளாறு” என்றான்.

“அண்ணே, சும்மா இரி.”

“நீ இரிளா. யம்மா, எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணு போலத்தான் தெரியும். இத்தன வருஷமா பக்கத்துல ஸ்டூலப் போட்டு இவதான் கலர் சொல்லிக்கிட்டு இருக்கா. ரயில்வே பரீட்சையில பெயிலுன்னு சொன்னேம்லா? பெயில் இல்ல, பாஸ். மெடிக்கல்ல புள்ளி புள்ளியா ஒரு புத்தகத்தக் காட்டுனாவ. உள்ள நம்பர் இருக்கு, படின்னாவ. எனக்கு ஒண்ணும் தெரியல.”

பன்னிரண்டு வருஷம். ‘ஒழுங்காப் படிச்சிருந்தா இன்னைக்கு ரயில் ஓட்டிக்கிட்டு இருப்ப’ என்று கிருபை சொல்லாத பண்டிகை இல்லை.

“எங்கிட்ட ஏன்ல சொல்லல?”

“அப்பா தவறி ஆறு மாசந்தான் ஆயிருந்திச்சி. கண்ணுல கொறன்னு சொன்னா நீ இன்னும் ஒடஞ்சிருவ. படிக்காத பயன்னு நாலு ஏச்சு ஏசிட்டுப் போவட்டும்னு விட்டுட்டேன்.”

கிருபை அடுக்களைக்குள் போனாள். குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

ஜெபின் பெவின் பக்கம் திரும்பினான். “மாப்ள, ஒங்ககிட்டயும் ஒண்ணு சொல்லணும். இது அம்மா வழியா ஆம்பளப் புள்ளையளுக்கு வாரது. நாளைக்கு ஜெப்ஸிக்குப் பொறக்கப்போற பயலுக்கும் வரலாம், வராமலும் இருக்கலாம். மூணாம் ஓலை வாசிச்சாச்சிதான். ஆனாலும் மறைக்கப்படாது.”

பெவின் வழக்கம்போலக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான்.

“வந்தா அவனுக்கும் பக்கத்துல ஒரு ஸ்டூலப் போட்டுருவம், அத்தான்.”

ஜெப்ஸிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. “அவனுக்கு நாம இருப்போம். அண்ணனுக்கு யாரு இருக்கா? கல்யாணத்த ஒரு வருஷம் தள்ளிப் போடலாமான்னு ஒங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன்.”

“ஒரு வருஷமா?” என்றான் பெவின். அவன் முகம் சுருங்கியதை ஜெபின் பார்த்தான். “எப்ப வந்தாலும் நீதான. நான் காத்திருக்கேன். ஆனா மனசுக்குக் கஷ்டமா இருக்கு, அதச் சொல்லாம இருக்க முடியல.”

அவன் கோபப்பட்டிருந்தால்கூட ஜெபினுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தன்னால் இரண்டு பேருக்கு ஒரு வருஷம் போகப்போகிறது.

“ஏலே ஜெபின்! மேல வா!”

குரல் மாடியிலிருந்து வந்தது. குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு, கிருபை பின்பக்கப் படி வழியாக எப்போது ஏறிப் போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

*

அவள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். மடியில் நூல்கண்டுகள் போட்டு வைக்கிற பழைய பிஸ்கட் டின்.

“அந்தக் கடைசிப் படத்த எடு.”

ஜெபின் எடுத்தான். கிருபை திரையருகே குனிந்தாள்.

“நீ வெள்ளைன்னு எதக் காட்டுன?”

“இந்தா, பாத்தியில கெடக்குற உப்ப.”

“மடையா, அது வெள்ளை இல்லல. ரோஸ். உப்பு விளையும்போது பாத்தித் தண்ணி செவந்துல்லா கெடக்கும்!”

ஜெபினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாத்தி சிவக்கும் என்று சின்ன வயசிலிருந்து கேள்விப்பட்டிருக்கிறான். பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறான், தெரியவில்லை. ரோஸை வெள்ளை என்று காட்டினால் மென்பொருள் என்ன செய்யும்? அதிலிருந்த சிவப்பைக் கழிப்பதாக நினைத்து முகங்களிலிருந்தும் கழித்துவிட்டது. வரைபடம் சரியாகத்தான் சொல்லியிருந்தது.

“எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து வை” என்றாள் கிருபை.

ஒரே பொத்தானில் படம் பழையபடி வெளிறிப்போய் நின்றது. ரா வீடியோவின் பெரிய தயவே அதுதான். எத்தனை முறை தப்பு செய்தாலும் முதல் படம் கெடாமல் காத்திருக்கும்.

“இதென்ன, சலவைக்குப் போட்டாப்புல இருக்கு?”

“இதுல இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலம்மா. நீ சொல்லு.”

கிருபை டின்னுக்குள் கையை விட்டு ஒரு துண்டுத் துணியை எடுத்தாள். ஜெப்ஸி உப்பளத்தில் கட்டியிருந்தது வெங்காயக் கலர் சேலை. அதன் ரவிக்கையைக் கிருபைதான் தைத்தாள். மிச்சத் துணி அது. அதைத் திரையில் ஜெப்ஸியின் தோளருகே பிடித்தாள்.

“இந்தத் துணி எப்படி இருக்கோ, அப்படி அங்கன வரணும். கொஞ்சம் ஏத்து. இன்னும். நில்லு, கத்திரிப்பூவாப் போவுது, எறக்கு. இப்ப மூஞ்சிக்கு ஒரு பொட்டு கருப்பட்டிக் கலர் குடு.”

“கருப்பட்டிக்கு இதுல பட்டன் கெடையாதும்மா. செவப்பா பச்சையான்னு சொல்லு.”

“செவப்புதாம்ல. பையப் பையத் தள்ளு. ஆங், இப்பத்தான் எம் புள்ள!”

கதவருகே ஜெப்ஸியும் பெவினும் வந்து நின்றிருந்தார்கள். திரையில் சிரிக்கிற இரண்டு பேருக்கும் ரத்தம் ஊறிவிட்டது என்பதை ஜெபின் அவர்கள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான்.

கிருபை திரும்பாமலே பேசினாள். “ஏளா, வருஷத்தத் தள்ளிப் போடுதாளாம் வருஷத்த! முப்பது வருஷம் துணிக்கு நூல் சேத்த கண்ணு இங்கன சும்மாதான இருக்கு? நீ மாப்பிள்ளைக்கு டீயப் போட்டுக் குடு. மூணு வாரத்துல கல்யாணம், எவ்வளவு சோலி கெடக்கு.”

ஜெப்ஸி ஓடி வந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பெவின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பன்னிரண்டு வருஷம் யாருக்குத் தெரியக் கூடாது என்று ஜெபின் ஒளித்தானோ, அவளே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

“இதுக்குப் போயி இம்புட்டுக் காலம் மறைச்சியேல” என்று கிருபை அவன் தலையில் மெல்லக் குட்டினாள். டின்னுக்குள் துழாவி இரண்டு நூல்கண்டுகளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். “இது ரெண்டும் ஒனக்கு எப்படித் தெரியுது?”

“ரெண்டும் ஒரே கலர்தான?”

ஒன்று இலைப்பச்சை. மற்றது செங்கல் நிறம். கிருபையின் கை அவற்றின் மேலேயே நின்றுவிட்டது.

“அம்மா வழியா வாரதுன்னு கீழ சொன்னியே” என்றாள். குரல் மாறியிருந்தது. “எங்கூடப் பொறந்தவனுக்கும் வந்திருக்குமா?”

“வந்திருக்கலாம்மா. ஏன்?”

“தையல் பரீட்சைக்குப் பச்ச நூல் வாங்கிட்டு வான்னு எங்க அண்ணன அனுப்புனேன். செங்கல் கலர்ல வாங்கிட்டு வந்து நீட்டுனான். கேலி பண்ணுதான்னு நெனச்சி ஒரு வாரம் அவங்கூடப் பேசல.” கிருபை ஜெபினை நிமிர்ந்து பார்த்தாள். “கப்பல் வேலைக்கும் கண்ணு டெஸ்ட் உண்டும்லால?”

“உண்டும்மா” என்றான் ஜெபின்.

“எங்கப்பா கைய ஓங்கும்போது நானும் பக்கத்துலதான் நின்னேன். ஒரு வார்த்த கேக்கலியே” என்று சொல்லி அழுதாள். ஜெபின் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். நேற்றுவரை தன்னைப் படிக்காதவன் என்று ஏசிய அம்மா மேல் அவனுக்கு இருந்த கொஞ்சநஞ்ச வருத்தமும் அந்த நிமிஷம் போய்விட்டது.

கிருபை எழுந்து கீழே போனாள். மேஜையில் கிடந்த அழைப்பிதழை எடுத்து, தாய்மாமன் என்ற இடத்தில் திருத்தமான டீச்சர் எழுத்தில் வெள்ளத்துரை என்று எழுதினாள். நாற்பது வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரை எழுதுகிறாள். எழுதியதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பெவின் முன்னால் நின்றாள்.

“தம்பி, ஒங்க கார் சாயங்காலம் வரைக்கும் இருக்கும்லா? ஓட்டப்பிடாரம் வரைக்கும் போணும். வீடு தெரியாது, கேட்டுக் கேட்டுத்தான் போணும்.”

பெவின் இந்த முறை யோசிக்கவே இல்லை. சாவியை எடுத்தான்.

கிருபை பச்சை நூல்கண்டையும் செங்கல் நிற நூல்கண்டையும் கைப்பையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினாள்.